ஏரியை யார் காலி செய்வது?

ஐப்பசி பிறந்தால் போதும், டி.வி.யின் அடியில் ஒரு எண் ஓட ஆரம்பித்துவிடும். செம்பரம்பாக்கம் 19 அடி, 20 அடி, 21 அடி. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிதான். பூந்தமல்லி, குன்றத்தூர், அனகாபுத்தூர் பக்கம் இருப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தலாமா என்று யோசிப்பார்கள். இதே எண்ணை மே மாதத்தில் பார்ப்பவருக்கு அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நிம்மதி. ஒரே ஏரி, ஒரே அளவுகோல். நவம்பரில் அது பயம், மே மாதத்தில் அது சோறு.

இந்த முரண்பாட்டைப் பற்றி நாம் உருப்படியாகப் பேசுவதே இல்லை. பேசாமல் தப்பிக்க ஒரு வாக்கியம் கைவசம் இருக்கிறது: "நம்ம முன்னோர் வெள்ளத்தைத் தடுக்கத்தான் ஏரி கட்டினாங்க." ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மேடையில், வாட்ஸப்பில், நல்ல பத்திரிகைகளின் ஞாயிறு கட்டுரைகளில்கூட இது வரும். பின்னாலேயே அதன் குட்டி வாக்கியமும் வரும்: "அதனால ஏரியைத் தூர்வாரி, கரையை பலப்படுத்தி வச்சா வெள்ளமே வராது." முதல் வாக்கியம் தப்பு. இரண்டாவது அதிலிருந்து பிறக்கவே பிறக்காது. இந்த இரண்டையும் நம்பித்தான் அம்பத்தூரிலும் ஆவடியிலும் கோடிக்கணக்கில் செலவாகிறது என்பதால், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வெள்ளத்தைத் தடுக்க மட்டுமே கட்டிய மண் அணை எப்படி இருக்கும் என்பதிலிருந்து ஆரம்பிப்போம். அப்படி ஒன்று நம் ஊரில் கிடையாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர் 1913 மார்ச்சில் மூழ்கியது. ஆர்தர் மார்கன் என்ற பொறியாளரின் தலைமையில் அந்த ஆற்றுப் படுகையில் ஐந்து மண் அணைகள் கட்டினார்கள். 1922-ல் வேலை முடிந்தது. ஐந்துமே வறண்ட அணைகள். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அணைக்குப் பின்னால் தண்ணீரே நிற்காது, ஆறு மட்டும் அதன் பாட்டுக்கு ஓடும். அணைக்குப் பின்னால் விவசாயம் நடக்கிறது, பூங்கா இருக்கிறது. அடிமட்டத்தில் கான்கிரீட் வாய் ஒன்று, அதற்குக் கதவு கிடையாது. கீழே உள்ள ஆறு தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் அந்த வாயின் அகலத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் அந்த வாய் விடுகிற அளவுதான் வெளியே போகும், மிச்சம் பின்னால் ஏறி நிற்கும், பிறகு தானாக வடியும். ராத்திரி 2 மணிக்கு யாரும் முழித்திருந்து "திறக்கலாமா வேண்டாமா" என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. இதே யோசனையைச் சின்ன அளவில் எடுத்துக்கொண்டு, 1954-ல் போட்ட ஒரு சட்டம் உட்பட சில திட்டங்களின்படி அந்நாட்டின் கிராமப்புற ஓடைகளில் 11,000-க்கும் மேற்பட்ட சின்ன அணைகள் கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் மண் அணைகள்தான். அவற்றில் பலவற்றில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். ஆனால் அதற்கு மேலே, வெள்ளத்துக்கென்று தனியாக ஒதுக்கிய காலி இடம் இருக்கும். அந்த இடத்தில் வேறு எதற்கும் தண்ணீர் தேக்கக்கூடாது.

இப்போ நம்ம ஏரிக்கு வருவோம். மூன்று பக்கம் இயற்கையான மேடு, ஒரு பக்கம் பிறைநிலா மாதிரி வளைந்த மண்கரை. கரைக்கு அடியில் மதகு, அது வயலுக்கு. கரையின் ஓரத்தில் கலங்கல், அது மிஞ்சின தண்ணீருக்கு. உள்ளே தண்ணீர் பரவும் இடம் உள்வாய். இவற்றில் கலங்கல்தான் இங்கே முக்கியம். அது எந்த உயரத்தில் இருக்கிறது? ஏரி முழுசாக நிரம்பும் மட்டத்தில். அதாவது, கடைசிச் சொட்டு வரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, இனி இடமில்லை என்ற பிறகுதான் வெளியே விடும். டேட்டன் அணையின் வாய் அடியில் இருக்கிறது, ஏரியின் வாய் உச்சியில் இருக்கிறது. ஒன்று எப்போதும் காலியாக இருப்பதற்காகக் கட்டியது, இன்னொன்று எப்படியாவது நிரம்புவதற்காகக் கட்டியது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றைக் கட்டியவர்களின் கவலை வெள்ளம் அல்ல. மூன்று மாத மழையை வைத்துக்கொண்டு வருஷம் பூரா எப்படி நெல் விளைவிப்பது என்பதுதான் கவலை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடணும். நிரம்பிய ஏரியும் வெள்ளத்தைக் கொஞ்சம் தணிக்கும். கலங்கலுக்கு மேல் ஓர் அடி தண்ணீர் ஏறினால், 500 ஏக்கர் ஏரியில் அது சுமார் 2 கோடியே 18 லட்சம் கன அடி. அந்த அளவு தண்ணீர் ஒரே வீச்சில் கீழே போகாமல் மெதுவாகப் போகும். ஆனால் இது பக்க விளைவு. மருந்துக்காக அதை நம்ப முடியாது.

அப்படியென்றால் முன்னெல்லாம் இந்த ஏரிகள் மழையை வாங்கிக்கொண்டது பொய்யா? பொய் இல்லை. வாங்கிக்கொண்டன. எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

செங்கல்பட்டுச் சீமையின் நெல் பருவங்களைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும். வயலில் ஏற்கெனவே நிற்கும் சம்பாவுக்கு அந்தத் தண்ணீர். தையில் அறுப்பு முடிந்ததும் நவரை, அதற்கு ஏரியில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் மீதி இருந்தால் சித்திரையில் சொர்ணவாரி. ஆடி மாதம் வரும்போது உள்வாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மீனைப் பிடித்து முடித்திருப்பார்கள், வண்டல் மண்ணை வண்டி கட்டி வயலுக்கு அடித்திருப்பார்கள். அடுத்த ஐப்பசியில் அடைமழை பிடிக்கும்போது ஏரி கிட்டத்தட்ட முழுசாகக் காலி. வெள்ளத்துக்கான இடத்தை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. நெல் அதைக் குடித்துக் காலி செய்து வைத்திருந்தது.

அந்தக் காலி செய்யும் வேலைக்கு ஆள் இருந்தார். சில ஊரில் நீர்க்கட்டி, சில ஊரில் கம்புகட்டி, சில ஊரில் மடையன் (அந்தச் சொல் வசவாகிப்போனது தனிக் கதை). எந்த மதகை எப்போது எத்தனை சாண் திறப்பது, யார் வயலுக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பது அவர் பொறுப்பு. 1767-க்கும் 1774-க்கும் இடையில் பர்னார்ட் என்ற ஆங்கிலப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தப் பதிவுகளில், விளைச்சலில் இருந்து கோயிலுக்கு, வெட்டியானுக்கு, கணக்குப்பிள்ளைக்கு என்று பங்கு பிரிப்பது போலவே ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். ஏரியால் விளைந்த நெல்லே ஏரியைப் பராமரித்தது. இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதை ஜாதி தீர்மானித்த ஏற்பாடு அது. வேலை ஒருவருக்கு, மகசூல் இன்னொருவருக்கு. ஆனால் ஒரு பொறி என்ற அளவில் அதற்கு நிரம்பும் மாதமும் இருந்தது, காலியாகும் மாதமும் இருந்தது.

இப்போ அம்பத்தூருக்குப் போவோம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ரெட்டேரி மூன்றும் ஒன்றின் உபரி இன்னொன்றுக்குப் போகும் சங்கிலி. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆயக்கட்டு வயல்கள் பிளாட் ஆயின. சில இடங்களில் ஏரியே பிளாட் ஆனது. முகப்பேரில் "ஏரித் திட்டம்" என்று ஒரு குடியிருப்பு உண்டு, கவனித்திருப்பீர்கள். ஏரியைக் காப்பாற்றும் திட்டம் என்று நினைக்க வேண்டாம், ஏரியில் வீட்டு வசதி வாரியம் போட்ட மனைத் திட்டம். தபால்காரர் தினமும் அந்தப் பெயரைப் படித்துத்தான் கடிதம் போடுகிறார்.

மூடப்பட்ட ஏரிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எழுதவும் வேண்டும். நான் சொல்ல வருவது மூடப்படாமல் தப்பித்த ஏரிகளைப் பற்றி. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளுக்குக் கரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பறவைகள்கூட வருகின்றன. இல்லாமல் போனது ஆயக்கட்டு. மதகைத் திறந்தால் பாயும் இடத்தில் இன்றைக்கு வயல் இல்லை, தெரு இருக்கிறது. அதனால் மதகு திறப்பதில்லை. வரத்துக் கால்வாயில் மழைநீர் வந்ததுபோக இப்போது வருஷம் முழுக்கக் கழிவுநீர் வருகிறது. கொரட்டூர் ஏரிக்குள் வரும் சாக்கடையும் ஆலைக் கழிவும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. கழிவுநீர் பிரச்சினையை எல்லோரும் துர்நாற்றம், செத்த மீன், நிலத்தடி நீர் என்றுதான் பார்க்கிறார்கள். அது சரிதான். ஆனால் அதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சாக்கடைக்கு ஆடி கிடையாது, ஐப்பசி கிடையாது. கோடையில் வெயில் குடிக்கும் தண்ணீரின் இடத்தை அது தொடர்ந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். மழை வரும்போது ஏரி ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரம்பி உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டு கனமழையிலேயே கலங்கல் வழிந்தால் ஆச்சரியம் என்ன?

ஆகவே புறநகர் ஏரி ஒன்று பார்வைக்கு முழுசாக இருந்தும் வேலையில் பாதியாகிவிடலாம். கரையை ஆக்கிரமித்தால் படம் எடுத்துப் போடலாம். காலி செய்யும் ஆள் காணாமல் போனதைப் படம் எடுக்க முடியாது.

தூர்வாருவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "தூர்வாரினா கொள்ளளவு கூடும், வெள்ளம் குறையும்" என்பதில் ஒரு படி விட்டுப்போகிறது. தோண்டிக் கிடைக்கும் இடம் ஏரியின் அடியில் கிடைக்கிறது. மழைக்கு முன் ஏரி தரை தெரியக் காலியாக இருந்தால் மட்டும்தான் அந்த இடம் வெள்ளத்தை வாங்கும். ஏரி பாதி நிறைந்திருந்தால், தோண்டின இடம் முதலிலேயே தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அதிலும் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி பம்ப் வைக்காமல் காலியாகவே ஆகாது. குடிநீருக்கும் நிலத்தடி நீர் ஊறுவதற்கும் அது நல்லதுதான், அதற்காகச் செய்யுங்கள். வெள்ளத் தடுப்பு என்று பெயர் வைத்துச் செய்யாதீர்கள்.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. சுமார் 87 ஏக்கர். சாக்கடை நின்ற இடத்தை ஏறத்தாழ 28 கோடி ரூபாயில் சீரமைத்து, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். நடைபாதை, படகுச் சவாரி, பறவைகளுக்குத் திட்டு. சாயங்காலம் போனால் ஆவடியே அங்கேதான் நடக்கிறது. நகரத்தில் ஒரு ஏரியை ஜனங்கள் நேசிக்க வைத்தது பெரிய காரியம், இதைக் கிண்டல் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாலு பேர் தினமும் நடக்கிற கரையை ராத்திரியோடு ராத்திரியாக யாரும் வெட்ட முடியாது. ஆனால் படகுக்குத் தண்ணீர் வேணும், வருஷம் முழுக்க. செப்டம்பரில் ஏரியைப் பாதியாக இறக்கு என்று ஒரு பொறியாளர் சொன்னால், நடைபாதையில் இருந்து பார்க்கிறவர்களுக்குச் சேறு தெரியும், "28 கோடி போட்டும் ஏரி வத்திப்போச்சு" என்று மறுநாள் செய்தி வரும். பூங்கா என்ற வடிவமே நிரம்பிய ஏரியைத்தான் அழகு என்று நம்மைப் பழக்குகிறது. பாளம் வெடித்த ஏரியைப் பார்த்து "நல்லவேளை, தயாராக இருக்கு" என்று நினைக்கும் கண் நமக்குப் போய்விட்டது. சீரமைப்புத் திட்டங்களின் மேல் எனக்குள்ள முக்கியமான விமர்சனம் இதுதான்: அவை ஏரியின் ஒரு மாதத்தை எடுத்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டுவிடுகின்றன.

இனி செம்பரம்பாக்கம். இதுவும் பிறப்பில் பாசன ஏரிதான். அளவுதான் பிரம்மாண்டம். சுமார் 9 கிலோமீட்டர் கரை, முழுசாக நின்றால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி, நீர்ப்பரப்பு ஏறக்குறைய 25 சதுர கிலோமீட்டர். ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் இருந்து (அம்பத்தூர் பக்கத்துக் கொரட்டூர் வேறு, இது திருமழிசைக்கு மேற்கே) கூவத்துத் தண்ணீரை பங்காரு கால்வாய் இங்கே கொண்டுவரும். வயலுக்காக இருந்த ஏரி படிப்படியாகச் சென்னையின் குடமாக மாறியது. கரையோரத்தில் 2007-ல் வந்த சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் தண்ணீர் தரக்கூடியது. குடத்தின் வேலை நிரம்பி இருப்பது. ஆனால் குன்றத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை எல்லாம் அந்தக் குடத்தின் கீழே இருக்கின்றன.

2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 475 மில்லிமீட்டர் மழை, தாம்பரத்தில் 490. ஏரி அதற்கு முன்பே நவம்பர் மழையில் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. அன்று இரவு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அடுத்து நடந்தது தெரியும். அதன் பிறகு எழுந்த இரண்டு விமர்சனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் விசித்திரமாக இருக்கும். ஒன்று, பொதுவாக எல்லோரும் சொன்னது: மழை வருகிறது என்று தெரிந்தும் நவம்பர் கடைசியிலேயே திறந்து இடம் பண்ணாமல் விட்டார்கள். இரண்டாவது, 2018-ல் சட்டமன்றத்தில் வைத்த சி.ஏ.ஜி. அறிக்கை: முழுக் கொள்ளளவு வரை தேக்காமல், 29,000 கன அடியை 21 மணி நேரம் திறந்துவிட்டார்கள், இது மனிதர் உண்டாக்கிய பேரிடர். முதல் குற்றச்சாட்டு "ஏன் காலி செய்யவில்லை" என்கிறது. இரண்டாவது "ஏன் நிரப்பவில்லை" என்கிறது. இரண்டும் ஒரே ஏரிமேல், ஒரே அதிகாரிகள்மேல்.

தணிக்கை அறிக்கையைக் குறைசொல்ல அவ்வளவு ஆசை இல்லை, அதில் ஆக்கிரமிப்பு பற்றியும் திட்டமிடல் பற்றியும் உள்ள பகுதிகள் கனமானவை. ஆனால் இந்த இடத்தில் அது மண்கரையின் பயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. கல்லணைமேல் தண்ணீர் வழிந்தால் அது பெரும்பாலும் நிற்கும். மண்கரைமேல் வழிந்தால் நிற்காது. வழியும் தண்ணீர் கரையின் வெளிச்சரிவை அரிக்கும், அரித்த இடத்தில் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் அரிக்கும், சில மணி நேரத்தில் கரையில் ஒரு வாசல் திறந்துவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மோர்பிக்கு மேலே மச்சு அணையின் மண்கரைகள் இப்படித்தான் வழிந்து உடைந்தன. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 2021 நவம்பர் 19 அன்று கடப்பையில் செய்யாற்றின்மேல் உள்ள அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துக்கொண்டு போனது நமக்குப் பக்கத்தில், நேற்று நடந்தது மாதிரி. ராத்திரியில், கொட்டுகிற மழையில், 9 கிலோமீட்டர் மண்கரைமேல் நிற்கிற பொறியாளரிடம் "இன்னும் கொஞ்சம் தேக்கு" என்று மூன்று வருஷம் கழித்துக் காகிதத்தில் சொல்வது சுலபம்.

"சீக்கிரமே திறந்திருக்கணும்" என்கிற முதல் கட்சியிலும் ஓட்டை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 29,000 கன அடி வரத்து இருந்தால், தரை தெரியக் காலியாகக் கிடக்கும் செம்பரம்பாக்கமே 35 மணி நேரத்தில் நிரம்பிவிடும். தவிர, அடையாற்றில் வந்ததெல்லாம் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வரும் தென்கிளை திருநீர்மலை அருகேதான் வந்து சேர்கிறது. முடிச்சூரை மூழ்கடித்த தண்ணீருக்கும் செம்பரம்பாக்கத்து ஷட்டருக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கிளையில் இருந்தவை சின்னச் சின்ன ஏரிகள். ஷட்டர் கிடையாது, டி.வி.யில் எண் கிடையாது, அதனால் விசாரணையும் கிடையாது. கதவு இருக்கிற இடத்தில்தான் நாம் குற்றவாளியைத் தேடுகிறோம்.

2020 நவம்பர் 25, நிவர் புயல். அன்று மதியம் ஏரி 22 அடியைத் தொட்டதும் 1,000 கன அடி திறந்தார்கள், பிறகு படிப்படியாக 9,000 வரை கூட்டினார்கள். பெரிய சேதம் இல்லை. அதிலிருந்து 22 அடி என்பது ஜனங்கள் மனதில் ஒரு கோடாகவே பதிந்துவிட்டது. மேலே காலியாக இருக்கும் அந்த 2 அடி எவ்வளவு? 25 சதுர கிலோமீட்டர் பரப்பில் தோராயமாக 540 மில்லியன் கன அடி. 2015 அளவுக்கு வரத்து இருந்து, ஒரு சொட்டும் வெளியே விடாமல் பிடித்தால் 5 மணி நேரத்துக்குக் காணும். விநாடிக்கு 10,000 கன அடி விட்டுக்கொண்டே பிடித்தால் கிட்டத்தட்ட 8 மணி நேரம். சின்ன விஷயம் இல்லை, குன்றத்தூரில் ஒரு தெருவைக் காலி பண்ண 8 மணி நேரம் தாராளம். ஆனால் அந்த 2 அடிக்கு விலையும் உண்டு. சுத்திகரிப்பு நிலையம் முழு அளவில் ஓடினால் அது ஏறத்தாழ நாலு வாரத் தண்ணீர். 2019 ஜூனில் இந்த ஏரி உட்பட நகரத்துக்குக் குடிநீர் தரும் முக்கிய ஏரிகள் வறண்டு, காலிக் குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்ற ஊர் இது. அந்த வரிசையில் நின்ற ஒருவரிடம், போன வருஷம் நாலு வாரத் தண்ணீரைக் கடலுக்கு விட்டோம் என்று சொல்லிப் பாருங்கள்.

ஆகவே இடம் விட்டு வைப்பது சும்மா கிடைக்கும் காரியம் இல்லை. முன்பு அதற்கான விலையை நெல் கொடுத்தது, அல்லது நெல்லுக்கு அது விலையே இல்லை, வரும்படி. இன்றைக்கு அந்த விலையை யாராவது தெரிந்தே கொடுக்க வேண்டும். குடிநீர் ஏரியில் இந்தப் பேரம் கடினமானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் பருத்திப்பட்டிலும் அவ்வளவு கடினம் இல்லை. அங்கே நிற்கும் தண்ணீரை நேரடியாக எடுத்து யாரும் குடிக்கவில்லை. செப்டம்பர் கடைசிக்குள் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு இறக்குவது, அதற்கென்று ஒரு மதகைப் பழுதுபார்த்து வைப்பது, எந்தத் தேதிக்கு எந்த மட்டம் என்று கரையிலேயே பலகையில் எழுதி வைப்பது, இதற்கெல்லாம் ஒரு பூங்காவுக்கு ஆகும் செலவு ஆகாது. இறக்கும் தண்ணீர் போக உபரிநீர்க் கால்வாய் வேண்டும், அது பல இடத்தில் வீடுகளுக்கு நடுவே சாக்கடை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் செப்டம்பரில் மெதுவாக, நாளைக்குக் கொஞ்சமாக இறக்குவதற்கு அந்த அகலம் போதும். நவம்பர் ராத்திரியில் மொத்தமாக வழிவதற்குத்தான் அது போதாது. முதலில் சாக்கடை உள்ளே வருவது நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இறக்கின இடத்தை அதுவே நிரப்பிவிடும், இறக்கின தண்ணீரும் அடுத்த ஏரிக்கு விஷமாகப் போகும்.

சட்டம் இதில் உதவுமா? 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையான அணைகளுக்கும்தான். நம் ஊர் ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை அந்த உயரத்துக்கு வராது. 2007-ல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கவனம் முழுக்க ஆக்கிரமிப்பின் மேல். உள்வாயில் யார் வீடு கட்டினார்கள் என்று கேட்கும். உள்ளே எந்த மாதம் எத்தனை அடி தண்ணீர் நிற்கலாம் என்று கேட்காது.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, மூன்று ஏரிகளுக்கும் தனித்தனியாக இந்த வாரம் அனுப்பியிருக்கிறேன். கேள்வி ஒன்றுதான்: கடந்த ஐந்து வருஷங்களில் அக்டோபர் 1-ஆம் தேதி ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு, அதை இறக்க மதகைக் கடைசியாகத் திறந்தது எப்போது? பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.